குடும்பஸ்தனும் மோட்டார் சைக்கிளும்

பெண்டு பிள்ளைகளையுடைய ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஏறிச் செல்லுவது தகுமா, தகாதா என்னும் கேள்வி நம்மவர்களிடையே அடிக்கடி எழுந்து வருகின்றது. சிறப்பாகத் தோட்டத்துச் சிப்பந்திகளிடையிலும், பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் வரும் இளைஞர்களிடையிலும் இப்பேச்சு மிகுதி. எழுகிறபோதெல்லாம் அது இரண்டே வார்த்தைகளில் முடிக்கப்பட்டும் விடுகின்றது. ஒரு சாரார், "தலையெழுத்து எப்படியோ அப்படி" என்பார்கள். மற்றொரு சாரார், "அந்தச் சனியனை விற்றுத் தொலை" என்பார்கள். முன்னவருக்கு யோசிக்க விருப்பமில்லை. பின்னவருக்கு வீட்டு வாசலில் மோட்டார் கார் நிற்கின்றது. இவ்விரு கூட்டத்தாரையும் விட்டுவிட்டு, விடியுமுன் எழுந்து காலைப் பெரட்டுக்கோ, பத்து மைலுக்கப்பாலுள்ள தொழிற்சாலைக்கோ போய்ச் சேரவேண்டியவனை மனதில் வைத்து இவ்விஷயத்தை ஆராய்வதே நம் நோக்கம். அதற்கு இவ்வண்டி நம்மிடம் வந்த கதையும், அதனால் நேரும் சாவைத் தடுக்க அறிவுள்ளோர் செய்த முயற்சியின் கதையும் சிறிது தெரிந்திருத்தல் வேண்டும்.

பத்து பாகாட் என்னும் பெயருக்குச் செதுக்கிய கல் என்பது பொருள். சயாம் நாட்டுப் படையினர் மின்யாக் பெக்கு என்னுமிடத்தில் பாறையைச் செதுக்கிக் கிணறு எடுத்தனரென்றும், அதனால் இப்பெயர் வந்ததென்றும் ஐதிகம் கூறும். இப்போதுள்ள பட்டணம் 1893ல், சுல்தான் அபூபக்கர் காலத்தில், டத்தோ பெந்தாரா லுவார் முகம்மது சாலே பின் பேராங் என்பவரால் அமைக்கப்பட்டது. பண்டார் பெங்காராம், அதாவது உப்புக் காய்ச்சுவோர் பட்டணம், என்பது அதன் மறுபெயர். அக்காலத்தில் இந்த ஜில்லாவுக்கு ஆறும் கடலுமே பாதை. ஜாவாவிலிருந்தும் பஞ்சார் தேசத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, தென்னையும் பாக்கும் ரப்பரும் பயிரிட்டார்கள். வாய்க்காலுக்கு மலாய் மொழியில் பாரிட் என்று பெயர். பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என ஊர்ப் பெயர்களே வாய்க்கால்களாக இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் கரையிலும் ஒரு சிறு பாதை. அப்பாதை நேரே வந்து பெரிய சாலையை முட்டும். இதை இங்கே சொல்லுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. வாய்க்கால் வெட்டியவர்கள் தங்களை அறியாமலே இன்றைய விபத்துகளுக்கும் இடம் குறித்து வைத்தார்களென்பதைப் பின்னர்க் காண்போம்.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு மோட்டார் சைக்கிளோ காரோ இருந்தது; கிராணிக்குச் சைக்கிள்; தொழிலாளிக்குக் கால். இந்த ஏற்பாட்டைக் கவனித்தால் ஒருவனுடைய அந்தஸ்தை அவன் ஏறும் சக்கரத்தைக் கொண்டே சொல்லிவிடலாமென்று தோன்றும். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை இவ்வழியே தெற்கு நோக்கி வந்தபோது, அதில் பெருந்தொகையினர் சைக்கிளிலேயே வந்தார்கள். டயர் வெடித்துப் போனவர்கள் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினார்களென்றும், இருட்டில் அந்த ஓசையைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிர்ப்படையினர் மிரண்டார்களென்றும் யுத்த சரித்திரம் எழுதியோர் குறித்திருக்கின்றனர். பீரங்கியை நம்பியிருந்த ஒரு சாம்ராஜ்யம் மிதிவண்டிக்கு முன் பின்வாங்கியதை நம் பெரியோர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளில் அதே ஜப்பான் தேசம் மற்றொரு வண்டியை அனுப்பியது. 1958ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹோண்டா கம்பெனியார் சூப்பர் கப் என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டார்கள். இயந்திரம் 49 சி.சி.; சக்தி நாலரைக் குதிரை. கையால் இயக்கும் கிளச்சு இல்லை. கியர் மாற்றும்போது அது தானே பிடித்துத் தானே விடும். உணவுப் பாத்திரத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டவேண்டிய கடைப் பையனையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி அது. முன்புறம் கால்களை மறைக்கும் தகடு உண்டாதலால் செம்மண் சேறு தெறிக்காது. சக்கரம் பெரிதாதலால் குழியில் விழுந்தெழும்பும். கால்சட்டைக்காரன், கைலிக்காரன், சேலைக்காரி எவரும் ஏறலாம். அவ்வாண்டிலேயே இவ்வண்டியை மலாயாவில் விற்கும் உரிமையைப் பினாங்கு லோ பூன் சியூ என்பவர் பெற்றார். சிறு வயதில் சீனாவின் புக்கியன் மாகாணத்திலிருந்து வந்து, பஸ் கழுவியும் மெக்கானிக் வேலை பார்த்தும் உயர்ந்த மனிதர் அவர், 1995ல் காலமானார். கப் என்னும் பெயரோடு சிறியது என்னும் பொருளுடைய கான்டனீஸ் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. இன்று ஹோண்டாவாயினும் யமஹாவாயினும் அந்த வடிவத்து வண்டி எதுவும் நமக்குக் கப்சாய்தான். 2017ல் இவ்வகை வண்டி பத்துக் கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. உலகில் எந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு செய்யப்பட்டதில்லை.

நம் ஜனங்கள் இதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் சொகுசென்று எண்ணுவோர் தோட்டத்துச் சரித்திரம் தெரியாதவர்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். உங்கு அஜீஸ் அவர்கள் 1951 முதல் 1960 வரையில் நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திரு. வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதற்கு மாற்றாகவே. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பத்து பாகாட் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா வட்டாரத்து ஆலைகளுக்கும் வேலை தேடிப் போனார்கள். குடியிருப்பு ஓரிடம், வேலை மற்றோரிடம். இடையிலே பஸ் இல்லை. இருந்தாலும் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியதே கப்சாய். அது வந்த பிறகுதான் தொழிலாளியின் மகன் எந்த முதலாளியிடம் வேலை செய்வதென்று தானே தெரிந்தெடுக்க முடிந்தது. நோயாளியை நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பவும் துரையின் லாரிக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்றாயிற்று. இந்த விடுதலையைத் தராசின் ஒரு தட்டில் வைத்துக்கொண்டே மறு தட்டில் உள்ளதைப் பார்க்கவேண்டும்.

மறு தட்டில் இருப்பது என்ன? 2019ல் மலேசியச் சாலைகளில் இறந்தோர் 6,167 பேர். நோய்த் தொற்றினால் நாடே கதவடைத்த இரண்டு ஆண்டுகளில் அத்தொகை குறைந்து, 2023ல் 6,443 ஆக ஏறிவிட்டது. அதாவது நாளொன்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இவ்வளவு உயிர் ஒரு வியாதியால் போயிருந்தால் வீடு வீடாக மருந்து தெளித்திருப்பார்கள்.

இச்சாவை முதன்முதல் அறிவு கொண்டு நோக்கிய ஒருவருடைய வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1935ம் வருஷம் மே மாதம் 13ந் தேதி, இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையில், அராபியப் போரில் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் தம்முடைய பிரவ் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எதிரே சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் திடீரெனக் கண்ணிற்பட, அவர்களை மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையிலே அடி. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 19ந் தேதி மாண்டார். வயது நாற்பத்தாறு, விவாகமில்லாதவர். அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை வைத்தியர். ஒரு பெரிய மனிதர் இறந்தாரென்று அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் போகாமல், இந்த அடி தடுக்கக் கூடியதா என்று கேட்டவர் அவர்.

யுத்தம் வந்தது. இராணுவத்தில் கடிதம் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் எதிரியின் குண்டினாலல்ல, மரத்திலும் கல்லிலும் மோதியே இறப்பதைக் கெய்ன்ஸ் கண்டார். யுத்தத்தின் முதல் இருபத்தொரு மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும் பின்னால் அமர்ந்தும் சென்று இறந்தவர்கள் 2,279 பேரென்று 1941ல் அவர் எழுதினார். தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களாக அவருக்குக் கிடைத்தவர் ஏழே பேர், எழுவரும் பிழைத்தார்கள். ஏழு பேரைக் கொண்டு என்ன நிரூபிக்க முடியுமென்று தர்க்கம் பேசுவோர் பேசலாம். இராணுவத்தார் பேசவில்லை, அவ்வாண்டு நவம்பரில் தங்கள் வீரர்கள் யாவரும் தலைக்கவசம் அணியவேண்டுமென்று உத்தரவிட்டார்கள். பிறகு சாவு படிப்படியாக இறங்கியதை 1946ல் கெய்ன்ஸே கணக்கிட்டுக் காட்டினார். எனினும் பொது ஜனங்களுக்கு அது சட்டமாவதற்கு 1973 வரையில் பிரிட்டன் காத்திருந்தது. கெய்ன்ஸ் 1952லேயே காலமாகிவிட்டார்.

இதிலே நாம் சற்று நிமிர்ந்து நிற்க இடமுண்டு. மலேசியாவிலும் தலைக்கவச விதி வந்தது அதே 1973ல்தான். அடிமைப்பட்டிருந்த நாடு, ஆண்ட நாட்டுக்கு இவ்விஷயத்தில் பின்தங்கவில்லை. இந்நாட்டுத் தர நிர்ணய வரிசையில் முதல் எண்ணாகிய எம்.எஸ். 1 என்பதும் தலைக்கவசத்துக்கு உரியதே. சென்னையில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1955ல் தொடங்கியே மோட்டார் சைக்கிள் செய்து வந்தும், தமிழ்நாட்டில் 2015ல் உயர் நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகே இவ்விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. கவசத்தின் பயன் எவ்வளவு என்பதில் இனி ஐயமில்லை. பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008ல் வெளியான முடிவு, அது சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறதென்பதாகும். நூற்றுக்கு நூறு அன்று. ஆயினும் எந்த மந்திரித்த கயிறும் இதில் பாதி செய்ததாகக் கணக்கில்லை. புது வண்டி வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குவதற்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தைக் கவசத்தின் கழுத்து வாரைப் பூட்டுவதிலும் காட்டலாமென்பதே நம் கோரிக்கை. பூட்டாத கவசம், மனிதன் விழுமுன் தான் விழுந்துவிடும்.

சர்க்கார் செய்தவை வேறு சிலவும் உண்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்குமிடையிலுள்ள கூட்டரசு நெடுஞ்சாலையில் எழுபதுகளில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். உலகத்தில் இத்தகையவற்றுள் அது முன்னோடி. பின்னர் அது நீட்டிக்கப்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 சதவீதம் குறைந்தனவென்று பேராசிரியர் ராடின் உமார் முதலியோர் கண்டனர். 1992ல் பகலிலும் முன்விளக்கு எரியவேண்டுமென்று விதி வந்தது. கண்ணிற் படாததால் நேரும் விபத்துகள் 29 சதவீதம் குறைந்தன. ஒரு விளக்கு! எண்ணெய்ச் செலவுகூட இல்லாத தருமம்.

நம் ஜில்லாவுக்கு வருவோம். பத்து பாகாட்டிலிருந்து பாரிட் ராஜா வழியாக ஆயர் ஈத்தாமுக்குச் செல்லும் 50ம் எண் கூட்டரசு சாலையைப் பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தார் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். சாலையை வந்து முட்டும் கிளைப் பாதைகள் பெருகப் பெருக, வேகமும் வாகனத் தொகையும் கூடக் கூட, விபத்து அதிகமாகிறதென்பது அவர்கள் கண்ட உண்மை. கிளைப் பாதை ஏன் பெருகிற்று? நாம் முன்னர்ச் சொன்ன வாய்க்காற் கரைகளே காரணங்களுள் ஒன்று என்பது நம் கருத்து. வள்ளம் வந்து நிற்க வெட்டிய வாய்க்காலின் வாயிலிருந்து இன்று கப்சாய் புறப்பட்டு, செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு முன்னே வலப்பக்கம் திரும்புகிறது. லாரிக்காரன் வேகமாக வருகிறான். திரும்புகிறவன் இடைவெளியைக் கண்ணால் அளக்கிறான். அந்த அளவு ஒரு நொடி பிசகினால் தீர்ந்தது. ஆகவே நேர்ச்சாலையில் பறக்கும் வாலிபனை மட்டுமே குற்றவாளியாக்கிப் பேசுவது சரியன்று. நிதானமான குடும்பஸ்தன் நிதானமாகத் திரும்புகையிலும் இறக்கிறான்.

நிற்க. இவ்விஷயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பலவற்றை நாம் படித்திருக்கிறோம். ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் பயன்களில் இதுவும் ஒன்று. அவற்றிலெல்லாம் கேள்வி ஒரே மாதிரியாகக் கேட்கப்படுகிறது: ஒருவனுக்கு மோட்டார் சைக்கிளில் ஆசை, அவன் மனைவிக்கு அச்சம், பிள்ளை பிறந்தபின் அவன் தன் இன்பத்தை விடவேண்டுமா, வேண்டாமா? அந்த மனிதனுக்குக் கொட்டகையில் கார் இருக்கிறது; மோட்டார் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமைக்கு. அவனுக்கு நாம் சொல்லும் விடை சுலபம்: விட்டுவிடு, அப்பா! ஆனால் நம்மவனுக்கு இன்பமென்பதே இக்கணக்கில் இல்லை. வண்டியை நிறுத்தினால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் பிள்ளையின் பால் நிற்கும். ஓட்டினால் ஒருவேளை அபாயம். ஓட்டாவிட்டால் நிச்சயப் பட்டினி. ஆகையினால் அவர்களுடைய தராசை இரவல் வாங்கி நம்முடைய பண்டத்தை நிறுக்க முடியாது. நம் கேள்வி, ஏறலாமா என்பதன்று. எந்தப் பயணத்துக்கு ஏறுவது, எதற்கு ஏறாதிருப்பது, ஏறியவன் திரும்பாவிடில் வீட்டில் என்ன இருக்கும் என்பதே.

கடைசிக் கேள்வியை நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்க அஞ்சுகிறார்கள், அபசகுனமாம். சட்டம் அஞ்சவில்லை. அது எண்ணிக்கையிட்டே வைத்திருக்கிறது. 1956ம் வருஷத்துச் சிவில் சட்டத்தின்படி, பிறருடைய கவனக்குறைவினால் ஒருவன் இறந்தால் அவனை நம்பியிருந்தோர் நஷ்டஈடு கேட்கலாம். எத்தனை ஆண்டுக்கு? முப்பது வயதுக்கு உட்பட்டவனாயின் பதினாறு ஆண்டு. முப்பத்தொன்றுக்கு மேற்பட்டவனாயின் ஐம்பத்தைந்திலிருந்து அவன் வயதைக் கழித்துப் பாதியாக்கவேண்டுமென்று முன்பு இருந்தது. 2019ல் திருத்தி ஐம்பத்தைந்தை அறுபதாக்கினார்கள். முப்பத்தாறு வயதுடையவன் ஒருவனை எடுத்துக்கொள்ளுவோம். அவன் தன் செலவு போக வீட்டுக்கு மாதம் 1,500 வெள்ளி கொடுத்து வந்தானென வைப்போம். பழைய கணக்கில் ஒன்பதரை ஆண்டு, 1,71,000 வெள்ளி. புதுக் கணக்கில் பன்னிரண்டு ஆண்டு, 2,16,000 வெள்ளி. துக்கத்துக்கென்று தனியே கொடுப்பது 10,000 வெள்ளியாக இருந்து 30,000 வெள்ளியாயிற்று. கைக்குழந்தை பள்ளியை முடிக்குமுன் சட்டத்தின் பன்னிரண்டு ஆண்டு முடிந்துவிடும்.

அதுவும் எப்போது கிடைக்கும்? பிறன் பேரில் குற்றமிருந்தால். இறந்தவன் பேரிலும் பங்கு குற்றமிருந்தால் அந்தப் பங்கு கழிக்கப்படும். மழையில் தானே சறுக்கி விழுந்தவனுக்கு வழக்குத் தொடர எதிரியே இல்லை. "இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேனே" என்பார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் இன்சூரன்ஸ் பிறனுக்கு நாம் விளைக்கும் தீங்குக்காக, ஓட்டுகிறவனுக்காக அன்று. இதைவிட அதிர்ச்சி தருவது மற்றொன்று. பின்னால் அமர்ந்து வரும் மனைவிக்கோ பிள்ளைக்கோ நேரும் தீங்குக்கு இன்சூரன்ஸ் செய்யும்படி சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. பாலிசியை எடுத்து வாசித்துப் பாருங்கள். தனியே சேர்த்திருந்தாலன்றி, நம் வண்டியில் நம்மோடு வருகிறவளே பாதுகாப்பு இல்லாதவளாக வருகிறாள். வீதியில் போகும் முன்பின் அறியாதவனுக்கு உள்ள பந்தோபஸ்து வீட்டுக்காரிக்கு இல்லை.

வேலைக்குப் போகும் வழிக்கு மட்டும் வேறொரு துணை உண்டு. 1969ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஏற்பட்ட பெர்க்கேசோ, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் பயணத்தில் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளும். யார் பேரில் குற்றமென்று கேட்பதில்லை. இறந்தவனுடைய தினச் சம்பளத்தின் சராசரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. அதை ஐந்தாக்கி மூன்று பங்கு விதவைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மாதா மாதம் வருவது. ஆனால் வழியிலே பயணத்தை நிறுத்தினாலோ, வேறு திசையில் வண்டியைத் திருப்பினாலோ அந்தப் பாதுகாப்பு அற்றுப் போகும். வேலை விட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்குகிறவர்கள் தாங்கள் இழப்பது நிதானத்தை மட்டுமென்று எண்ணுகிறார்கள். மனைவியின் ஐந்தில் மூன்று பங்கையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்கும் கலியாணத்துக்கும் நான்கு பேராக ஒரு வண்டியில் போவதற்கு இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு இல்லை. நாம் முன்னே கேட்ட, எந்தப் பயணத்துக்கு ஏறுவது என்பதற்குச் சட்டமே பாதி விடை சொல்லிவிட்டது. வேலைக்கு ஏறு, வேடிக்கைக்குப் பஸ்ஸில் போ.

விபத்து நடந்தால் முதலாளி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். அந்தக் காகிதங்களை எழுதுகிற கை எங்களைப் போன்ற கிராணிகளுடையது. செக்ரோலில் ஒரு பெயருக்கு நேரே கோடு இழுத்த மறுநாள், அப்பெயருக்குரியவனின் மனைவி ஒரு பிஸ்கட் தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கு வருவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். தகரத்தில் பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், கல்யாணி மார்க் பீடித் தாளில் எழுதிய சீட்டுக் கணக்கு எல்லாம் இருக்கும். எது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. கணவன் சொன்னதில்லை. ஒருத்தியிடம் இருந்த சாலை வரிச் சீட்டு இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது, அதனோடு இன்சூரன்சும். "அவர்தான் பார்த்துக்கொள்வார் ஐயா" என்றாள். எங்கே பார்த்துக்கொள்வது?

இதிலிருந்து நாம் வற்புறுத்த விரும்புவது, மோட்டார் சைக்கிளைப் பற்றிய முடிவு ஆண்பிள்ளை தனியே செய்யும் முடிவன்று என்பதாகும். நம் வீடுகளில் வண்டியின் நிறம் இன்னதென்று மனைவியைக் கேட்பார்கள். பாலிசி இன்னதென்று கேட்கமாட்டார்கள். சேம நிதியில் யார் பெயர் எழுதியிருக்கிறது, பெர்க்கேசோ எண் எது, ஷிப்ட் முடிந்து எந்த வழியாக வருகிறாய், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்த இரவில் அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் வரலாகாதா என்றெல்லாம் கேட்க அவளுக்கு உரிமையுண்டு. சாவின் நஷ்டத்தைச் சுமக்கப் போகிறவளுக்குச் சாவைத் தடுக்கும் யோசனையில் இடமில்லையென்பது என்ன நியாயம்? மேலதிக வேலைக்குக் கிடைக்கும் முப்பது வெள்ளிக்காகத் தூக்கக் கண்ணோடு 50ம் எண் சாலையில் வருவதை அவள் வேண்டாமென்றால், அது பெண்புத்தியல்ல, கணக்கு.

எல்லாத் தடுப்பும் செய்தபின்னும் அபாயம் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு சாவு இவ்வண்டிக்கென்று இருக்கையில், தனி மனிதனுடைய ஜாக்கிரதை எவ்வளவு தூரம் போகும்? கிளைப் பாதைகளின் வாயில்களில் விளக்கு வேண்டும். திரும்புகிறவன் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். கிள்ளானுக்குப் போட்ட தனிப் பாதை தொழிற்சாலை மிகுந்த இச்சாலைக்கும் வேண்டும். ஆலை முதலாளிகள் ஷிப்ட் பஸ்ஸைத் தோட்டத்து வாசல் வரையில் விடவேண்டும். சங்கக் கூட்டங்களில் சம்பள உயர்வுக்குத் தீர்மானம் போடுகிறோம். உயர்ந்த சம்பளத்தை வாங்க உயிரோடு போய்வரும் வழிக்கும் ஒரு தீர்மானம் போட்டால் குற்றமில்லை.

சமீப காலமாக நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லைசன்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்களில் பெண்களும் சேர்ந்து வருகிறார்கள். கணவன் ஷிப்டில் இருக்கையில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்ல யாரையும் எதிர்பார்க்கவேண்டாமென்பது அவர்கள் சொல்லும் காரணம். சென்ற மாதம் அப்படிப் போன இருவர் தாய்மார். அவர்கள் கணவன்மாருடைய கவசத்தை இரவல் வாங்கவில்லை. பட்டணத்துக்குப் போய், ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து, வாரைப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, தங்கள் தலைக்குச் சரியான அளவில் வாங்கி வந்தார்கள். பிள்ளைக்கென்று சிறியதாக ஒன்றும் வாங்கினார்கள்.